போர் தண்ணீரின் துருவும் காம்பவுண்ட் சுவரின் வெட்டுக்கல்லும் ஒரே இரும்பா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதினால் இருவருக்கும் வீண். பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. புதிதாக போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கிறீர்கள். குழாயிலிருந்து விழும்போது தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. அரை மணி நேரத்தில் மங்கி மஞ்சளாகிறது. மறுநாள் காலையில் குடத்தின் அடியில் செம்மண் கரைத்தாற்போல் ஒரு படிவு. நீங்கள் எம்.எஸ்சி. வேதியியல், இதையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கைடு. கல்லூரியில் ஒரு யுவி-விசிபிள் கருவியும் (புற ஊதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது) ஒரு எஃப்டிஐஆரும் (அகச்சிவப்பு ஒளிக்கு அதையே செய்வது) இருக்கின்றன. குடத்தில் படியும் இரும்பும் காம்பவுண்ட் சுவரில் இருக்கும் வெட்டுக்கல்லின் (லேட்டரைட்) இரும்பும் ஒரே சேர்மம்தானா, எந்த ஸ்பெக்ட்ரோஸ்கோபியால் அதைச் சொல்ல முடியும் என்று கேட்கிறீர்கள்.

எந்தக் கருவி என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் உள்ளே நாலு கேள்விகள் இருக்கின்றன. இரும்பு எவ்வளவு இருக்கிறது? அது ஃபெரஸா (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு), ஃபெரிக்கா (மூன்று இழந்தது)? அந்த அணுவைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைசியில், அந்தத் திடப்பொருளுக்குக் கனிமவியல் என்ன பெயர் வைத்திருக்கிறது? நாலுக்கும் ஒரே கருவியில் பதில் கிடைக்காது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியை நாலாவது கேள்விக்குச் சாட்சியாக நிறுத்துவதுதான் மாணவர் அறிக்கைகளில் நான் அதிகம் பார்த்த தவறு. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் பகுப்பாய்வு வேதியியல் நடத்தியவன் நான். யுவி-விசிபிளும் ஐஆரும் கைப்பழக்கம். இரும்பின் அணுக்கருவைக் காமாக் கதிரால் பார்க்கும் மாஸ்பவர் கருவியை நானே ஓட்டியதில்லை. மாதிரி கொடுத்துவிட்டு, ஓட்டுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கோடுகளைப் பிரிக்கும்போது கூடவே தலையைச் சொறிந்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்குப் போகும் முன் என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே போன்ற ஒரு போர் தண்ணீரை ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பிடித்து, பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். இரும்பு கிட்டத்தட்ட இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஊரில் வேட்டியெல்லாம் மஞ்சள், காகிதத்தில் இரும்பு இல்லை. என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கேன் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது இரும்பு முழுக்க அடியில் இறங்கிவிட்டது. அவர்கள் கேனை அசைக்காமல் மேலாகத் தெளிந்த நீரைப் பிப்பெட்டில் எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அமிலம் சேர்க்காமல் கொண்டுபோனது நான்தான்.

ஏன் அப்படி இறங்குகிறது? நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு ஃபெரஸ் வடிவில், நிறமில்லாமல் கரைந்து கிடக்கிறது. மேலே வந்து காற்றைத் தொட்டதும் ஃபெரிக்காக மாறுகிறது. ஃபெரிக் இரும்பு நடுநிலை நீரில் கரைந்து இருக்காது, ஹைட்ராக்சைடாகத் திரண்டு விழும். இந்த மாற்றத்தின் வேகம் பிஎச்சைப் பொறுத்துப் பயங்கரமாக மாறும். நடுநிலையை ஒட்டிய நீரில் பிஎச் ஒரு அலகு கூடினால் வேகம் சுமார் நூறு மடங்கு. உங்கள் குடத்தில் அரை மணியில் மஞ்சளாகிறது என்பதே அந்த நீரின் பிஎச் 7க்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்கு ஒரு தடயம். பிஎச் 6 என்றால் அதே மஞ்சள் வர நாள்கணக்கில் ஆகியிருக்கும். ஆகவே குழாயடியிலேயே, 100 மி.லி. நீருக்கு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற கணக்கில் ஏற்கெனவே அமிலம் ஊற்றிவைத்த பாட்டிலில், தலைவரை நிரப்பி மூடுங்கள். நைட்ரிக் அமிலம் வேண்டாம். மொத்த இரும்பு மட்டும் பார்க்க அது சரி, ஆனால் ஃபெரஸை ஃபெரிக்காக்கிவிடும் என்பதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு உதவாது.

இன்னொன்று. புது போர் என்கிறீர்கள். துரு பூமியிலிருந்துதான் வருகிறதா, பைப்பிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மோட்டார் போட்ட உடனே ஒரு பாட்டில், ஒரு மணி நேரம் ஓடியபின் ஒரு பாட்டில். இரண்டாவதில் இரும்பு வெகுவாகக் குறைந்தால் பைப்பைச் சந்தேகிக்கலாம். குறையாமல் அதே அளவில் நின்றால் பாறையைச் சந்தேகிக்கலாம்.

சரி, யுவி-விசிபிள். நீரை நேரடியாக க்யூவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு கலம்) ஊற்றி ஸ்பெக்ட்ரம் எடுத்தேன், ஒன்றுமே தெரியவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். தெரியாதுதான். நீரில் கரைந்த ஃபெரஸ் அயனியின் நிறம் மிக வெளிறிய பச்சை, அதன் உட்கவர்தல் 1000 நானோமீட்டரை ஒட்டி, அதுவும் மிகப் பலவீனம். மோலார் உட்கவர்தல் (ஒரு மோலார் கரைசல் 1 செ.மீ. தடிமனில் காட்டும் உட்கவர்தல்) ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு என்றால் உட்கவர்தல் மூன்று, நாலு தசமத்துக்குக் கீழே போய்விடும், எந்தக் கருவியிலும் அது கருவியின் சொந்த இரைச்சலுக்குள் மறைந்துபோகும். அதனால்தான் 1,10-பினாந்த்ரோலின். மூன்று பினாந்த்ரோலின் மூலக்கூறுகள் ஒரு ஃபெரஸ் அயனியைச் சூழ்ந்துகொண்டதும் ஆரஞ்சுச் சிவப்பு வருகிறது. 510 நானோமீட்டரில் மோலார் உட்கவர்தல் சுமார் 11,100. இரும்பிலிருந்து பினாந்த்ரோலினுக்கு எலக்ட்ரான் தாவும் மின்னூட்ட மாற்றம் அது, இரும்பின் டி எலக்ட்ரான் இரும்புக்குள்ளேயே தாவும் வெறும் டி-டி தாவல் கிடையாது. அதனால்தான் பத்தாயிரம் மடங்கு பலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அளக்கும் கரைசலில் லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு இருந்தால் 1 செ.மீ. க்யூவெட்டில் உட்கவர்தல் கிட்டத்தட்ட 0.2 வரும். கருவிக்கு மிக வசதியான எண். மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) 0.702 கிராம் எடுத்து, சிறிது அமிலத்தோடு ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. அதிலிருந்து நீர்த்து உங்கள் நேர்கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து எல்லாவற்றையும் ஃபெரஸாக்கி அளந்தால் மொத்த இரும்பு, சேர்க்காமல் அளந்தால் ஃபெரஸ் மட்டும், கழித்தால் ஃபெரிக். காகிதத்தில் எவ்வளவு சுலபம். ஆனால் ஃபெரஸ் மட்டும் அளக்கும்போது கரைசலை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கூட இருக்கும் ஃபெரிக் இரும்பும் பினாந்த்ரோலினைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் மெல்ல ஃபெரஸாக மாறும், எண் ஏறிக்கொண்டே போகும். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். இந்த முறை சொல்லும் பதிலில் மொத்த இரும்பு உறுதியானது. ஃபெரஸ் எண் நீங்கள் மாதிரியைக் கையாண்ட விதம் எவ்வளவு நேர்மையோ அவ்வளவே உறுதி. அணு உட்கவர்தல் கருவி கிடைத்தால் 248.3 நானோமீட்டரில் மொத்த இரும்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது சுவாலையில் எல்லாவற்றையும் தனி அணுவாக உதிர்த்துவிடுவதால், ஃபெரஸா ஃபெரிக்கா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இனி திடப்பொருள். இங்கேதான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. வெட்டுக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. லேட்டரைட் என்ற பெயரே பாலக்காட்டுக்குப் பக்கத்து மாவட்டமான மலப்புறத்தில் பிறந்தது. அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்த ஃபிரான்சிஸ் புக்கனன், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்து 1807இல் வெளியிட்டார். வெட்டும்போது கருவிக்கு இணங்கும் அளவு மென்மையாக இருந்து, காற்றுப்பட இறுகிவிடுகிறதே என்றுதான் அவரும் வியந்தார். மழையும் வெப்பமும் நீண்ட காலம் சேர்ந்து, பாறையிலிருந்து சிலிக்காவையும் கரையக்கூடிய மற்றவற்றையும் கழுவிக்கொண்டு போனபின் தங்கிய இரும்பும் அலுமினியமும் அது. இரும்பு பெரும்பாலும் சிவப்பு ஹெமடைட்டாகவும் மஞ்சள் பழுப்புக் கோத்தைட்டாகவும் இருக்கும், கூடவே கயோலினைட் களிமண், கிப்சைட் என்ற அலுமினிய ஹைட்ராக்சைடு. கோத்தைட்டில் இரும்பின் இடத்தில் கொஞ்சம் அலுமினியமும் நுழைந்து உட்கார்ந்திருக்கும். கொழிஞ்சாம்பாறையில் உங்கள் சுவருக்கு வந்த கல் அநேகமாக மேற்கேயிருந்து லாரியில் வந்தது. உங்கள் போர் இறங்கியிருப்பது நைஸ் என்ற கருங்கல் பாறைக்குள். இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன், அதுவரை மனதில் வையுங்கள்.

குடத்துப் படிவு இதற்கு நேர் எதிர். ஒரே ராத்திரியில் பிறந்த குழந்தை. இப்படி அவசரமாகப் படியும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிஹைட்ரைட் என்ற, ஒழுங்கற்ற, நானோமீட்டர் அளவுத் துகள்களாகவோ, லெபிடோகுரோசைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடாகவோ வரும். நீரில் சிலிக்கா இருந்தால் ஃபெரிஹைட்ரைட் பக்கம் சாயும், அப்படியே நீண்ட நாள் நிலைக்கவும் செய்யும். சிலிக்கா தடுக்காவிட்டால் வாரங்கள், மாதங்களில் கோத்தைட்டாகவோ ஹெமடைட்டாகவோ மூப்படையும். அதனால் படிவை எடுத்ததும் 110 டிகிரி ஓவனில் தள்ளிக் காயவைக்காதீர்கள். சூடுபட்டால் அதன் மூப்பு துரிதமாகும், நீங்கள் அளப்பது குடத்தில் இருந்த பொருளாக இருக்காது. டெசிக்கேட்டரில், அறை வெப்பத்தில், பொறுமையாக. படிவின்மேல் எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்புப் படலம் மிதந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து விலகி நின்றால் அது இரும்புப் படலம், பாக்டீரியாவின் கைவேலையும் இருக்கலாம். உடைந்தது மறுபடி ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெய்.

எஃப்டிஐஆரை வைத்து இவற்றைப் பிரிக்க முடியுமா என்றால், பாதி முடியும். கோத்தைட்டின் ஹைட்ராக்சில் வளைவு அதிர்வுகள் செ.மீ.க்கு 890, 795 அலையெண்களை ஒட்டி ஜோடியாக வரும். லெபிடோகுரோசைட்டுக்கு 1020, 750 சுற்றி. ஹெமடைட்டுக்கு 600க்குக் கீழே 540, 470 பக்கம் அகலமான இரண்டு. சுத்தமான பொருளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். உங்கள் வெட்டுக்கல்லில் கயோலினைட் இருக்கிறதே! அதன் 912 கோத்தைட்டின் 890க்குத் தோளில் கைபோட்டு நிற்கும், 1030 சுற்றியுள்ள பெரிய சிலிக்கேட் பட்டை லெபிடோகுரோசைட்டின் 1020ஐ விழுங்கிவிடும். மணலின் குவார்ட்ஸ் 798, 779 என இரட்டையாக வந்து கோத்தைட்டின் 795இன் மேலேயே உட்காரும். ஆகவே 795 கிடைத்தது, கோத்தைட் உறுதி என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். 3695, 3620 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கயோலினைட் வீட்டில் இருக்கிறது என்று பொருள், அப்புறம் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு படியுங்கள். ஃபெரிஹைட்ரைட்டின் ஐஆர் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. அகன்ற மேடுகள்தான். கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லைக்கு அரைக்கும்போதும் வெறியோடு அரைக்க வேண்டாம், லெபிடோகுரோசைட் மாதிரியான கட்டங்கள் நெடுநேர அரைப்பிலேயே உருமாறக்கூடியவை.

யுவி-விசிபிள் கருவிக்கு ஒருங்கிணைப்புக் கோளம் என்ற துணைக்கருவி இருந்தால், பொடியிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியை அளக்கலாம். எனக்குப் பிடித்த முறை இது, ஏனென்றால் கண் ஏற்கெனவே செய்வதைத்தான் இது எண்ணாக்குகிறது. காவிக்கும் மஞ்சள் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹெமடைட்டுக்கும் கோத்தைட்டுக்கும் உள்ள வித்தியாசம். பிரதிபலிப்பு வளைவை ஒருமுறை வகையீடு செய்தால் ஹெமடைட் சுமார் 575 நானோமீட்டரில் ஒரு உச்சமும், கோத்தைட் 535, 435 பக்கம் இரண்டும் காட்டும். வெள்ளை அளவுகோலுக்குப் பேரியம் சல்பேட் போதும். ஒரே எச்சரிக்கை, ஹெமடைட் சாயத்தில் சாமர்த்தியசாலி. நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே மொத்தத்தையும் சிவப்பாகக் காட்டி, மஞ்சளாக இருக்கும் பெரும்பான்மையை மறைத்துவிடும். சிவப்பாக இருக்கிறது, அதனால் ஹெமடைட்தான் அதிகம் என்று முடிவு கட்ட முடியாது. சும்மா ஒரு சோதனை வேண்டுமானால் மஞ்சள் மண்ணை 300 டிகிரியில் வறுத்துப் பாருங்கள், கோத்தைட் நீரை இழந்து ஹெமடைட்டாகிச் சிவந்துவிடும். லேசர் ஒளி பொருளில் சிதறும் விதத்தை அளக்கும் ராமன் கருவியில், லேசர் பலமாக இருந்தாலும் இதேதான் நடக்கும். புள்ளியின் அடியில் கோத்தைட் வெந்து ஹெமடைட்டாகி, 225, 292 என்று அழகான ஹெமடைட் கோடுகளைக் காட்டும். கருவி காட்டியது பொய்யில்லை, ஆனால் அந்த ஹெமடைட்டை உண்டாக்கியது நீங்கள்.

இப்போது மாஸ்பவர். இரும்புக்காரர்களுக்குக் கிடைத்த வரம் என்பேன். ருடால்ஃப் மாஸ்பவர் 1958இல் இரிடியத்தில் இந்த விளைவைக் கண்டுபிடித்தார், மூன்றே வருடத்தில், 1961இல், நோபல் பரிசு. ஆனால் இதில் வாழ்ந்தது இரும்புதான். இயற்கை இரும்பில் நூற்றுக்கு சுமார் 2.1 பங்கு இரும்பு-57. அதன் அணுக்கரு 14.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை வெளிவிட்டோ வாங்கியோ ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒரு கரு விட்ட கதிரை இன்னொரு கரு வாங்க வேண்டும் என்றால் இரண்டின் ஆற்றலும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். சிக்கல் என்ன தெரியுமா, தனியாக நிற்கும் கரு கதிரை விடும்போது பின்னுக்கு உதைபடுகிறது. அந்த உதையில் போகும் ஆற்றல், பொருந்த வேண்டிய கோட்டின் அகலத்தைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு. பொருத்தத்துக்கு வழியே இல்லை. நம் பக்கம் கோயில் வேலைத் திருவிழாவில் கதினா வெடி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழலை மண்ணில் ஊன்றித்தான் திரிக்கு நெருப்பு வைப்பார்கள். ஊன்றியிருந்தால் உதை பூமிக்குப் போகிறது, குழல் அசைவதில்லை. திடப்பொருளுக்குள் இருக்கும் கருக்களில் ஒரு பகுதி அப்படித்தான், உதை முழுப் படிகத்துக்கும் போய்விடுவதால் ஆற்றல் இழப்பில்லாமல் கதிர் விடுகின்றன. மாஸ்பவர் கண்டது அதைத்தான். திரவத்தில் இது நடக்காது. எனவே உங்கள் போர் தண்ணீரை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, படிவைத்தான் கொடுக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்றால், கோபால்ட்-57 மூலத்தை மாதிரியை நோக்கி முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். எறும்பு ஊரும் வேகம்கூடத் தேவையில்லை. அந்த ஊர்தலால் வரும் டாப்ளர் மாற்றமே ஆற்றலைச் சிறிது சிறிதாகத் திருப்பப் போதும். கருவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்கள் கருவின் ஆற்றல் நிலைகளை எவ்வளவு நகர்த்தியிருக்கின்றன என்பது ஐசோமர் ஷிஃப்ட்டாக வரும். உலோக இரும்பை 0 என்று வைத்தால், சுழல்மிகு (ஹை-ஸ்பின்) ஃபெரிக்குக்கு நொடிக்கு 0.3 முதல் 0.5 மி.மீ., சுழல்மிகு ஃபெரஸுக்கு 1.0 முதல் 1.3. சுற்றுப்புறம் சமச்சீராக இல்லாவிட்டால் கோடு இரண்டாகப் பிளக்கும். ஃபெரஸில் இந்தப் பிளவு பெரும்பாலும் 2 முதல் 3, ஃபெரிக்கில் 1க்குக் கீழே. இரும்பு காந்த ஒழுங்கில் இருந்தால் ஆறு கோடுகள். அந்த ஆறின் விரிவு கரு உணரும் காந்தப்புலத்தைச் சொல்லும்: உலோக இரும்புக்கு 33 டெஸ்லா, அறை வெப்பத்தில் ஹெமடைட்டுக்கு சுமார் 51.8, கோத்தைட்டுக்கு 38 பக்கம், மேக்னடைட்டுக்கு 49, 46 என இரண்டு தொகுதி.

இதன் பலத்துக்கு ஒரு உதாரணம் சொன்னால் பிடித்துக்கொள்வீர்கள். உப்புப் பகுப்பாய்வில் ஃபெரிக்குக்கு ஃபெரோசயனைடு ஊற்றினால் பிரஷ்யன் நீலம், ஃபெரஸுக்கு ஃபெரிசயனைடு ஊற்றினால் டர்ன்புல் நீலம் என்று மனப்பாடம் செய்திருப்போம். மாஸ்பவரில் வைத்தால் இரண்டும் ஒன்று. எந்தப் பாட்டிலிலிருந்து ஆரம்பித்தாலும் கடைசியில் கார்பன் பக்கம் ஃபெரஸ், நைட்ரஜன் பக்கம் ஃபெரிக். அதே உதாரணத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. ஃபெரோசயனைடு ஃபெரஸ்தான், ஆனால் சுழல்குறை (லோ-ஸ்பின்) நிலையில் இருப்பதால் அதன் ஷிஃப்ட் 0க்குப் பக்கத்தில், பிளவே இல்லாத ஒற்றைக் கோடு. 1.0க்கு மேல் இல்லை, ஆகவே ஃபெரஸ் இல்லை என்ற வாதம் அங்கே கவிழ்ந்துவிடும். உங்கள் மாதிரிகளில் சயனைடு எல்லாம் கிடையாது, ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும்தான் அண்டை வீட்டார். எனவே மேலே சொன்ன எல்லைகளை நம்பலாம்.

வெட்டுக்கல்லை அறை வெப்பத்தில் வைத்தால் ஹெமடைட்டின் ஆறு கோடுகள் தெளிவாகக் கிடைக்கும், அலுமினியம் புகுந்த கோத்தைட்டின் ஆறு கோடுகள் அகன்று, உள்ளே சுருங்கிக் கிடைக்கும், நடுவில் ஒரு இரட்டைக் கோடும் இருக்கலாம். குடத்துப் படிவுக்கு அநேகமாக அந்த இரட்டைக் கோடு மட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். ஷிஃப்ட் 0.35ஐ ஒட்டி, பிளவு 0.5 முதல் 0.8க்குள் ஒரு இரட்டைக் கோடு என்றால் அது ஃபெரிஹைட்ரைட்டாக இருக்கலாம், லெபிடோகுரோசைட்டாக இருக்கலாம், களிமண்ணுக்குள் அமர்ந்த ஃபெரிக்காக இருக்கலாம், மிக நுண்ணிய கோத்தைட்டாகவும் இருக்கலாம். துகள் சில நானோமீட்டராகச் சுருங்கினால் அதன் காந்தத் திசை அறை வெப்பத்தில் சதா புரண்டுகொண்டே இருக்கும், கருவுக்கு அது காந்தமே இல்லாதது போலத் தெரியும். அறை வெப்ப ஸ்பெக்ட்ரத்தை வைத்து நீங்கள் உறுதியாக எழுதக்கூடியது ஒரே வரி: இரும்பு முழுக்க சுழல்மிகு ஃபெரிக், காந்தப் பிளவு இல்லை. பெயர் வைக்க வேண்டுமானால் குளிரவைக்க வேண்டும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் கோத்தைட் பிரிந்து ஆறாகிவிடும், லெபிடோகுரோசைட் அந்த இடத்தில்தான் காந்த ஒழுங்குக்குள் நுழையவே ஆரம்பிக்கும். திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் கிடைத்தால் எல்லாரும் தங்கள் தங்கள் காந்தப்புலத்தைக் காட்டியே ஆக வேண்டும். அது கிடைக்காவிட்டால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைத் துணைக்கு வையுங்கள். லெபிடோகுரோசைட் செம்புக் கதிரில் 14 டிகிரிக்குப் பக்கம் ஒரு கூரான உச்சம் காட்டும், கோத்தைட் 21இல், மோசமான ஃபெரிஹைட்ரைட் இரண்டே இரண்டு மழுங்கிய மேடுகளோடு நிற்கும். மாஸ்பவர், ஐஆர், எக்ஸ்-கதிர் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் கான்பூர் ஐஐடியின் பாலசுப்ரமணியம் டெல்லி இரும்புத் தூணின் துருவைப் பிரித்து, அதில் இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் ஹைட்ரேட் இருப்பதைக் காட்டினார். ஒரே கருவியில் முடித்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை.

எவ்வளவு படிவு வேண்டும் என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 5 முதல் 10 மி.கி. இரும்பு இருந்தால் வசதி. உங்கள் நீரில் லிட்டருக்கு 3 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டர் கேன் ஒன்று தாராளம். கல்லூரிக்கு வெளியே இந்தக் கருவி எல்லா இடத்திலும் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மாஸ்பவர் வேலை நடக்கிறது. உங்கள் கைடு கடிதம் எழுதிக் கேட்பதுதான் முறை. எங்கே கொடுத்தாலும் மூலம் எத்தனை வயது என்று விசாரியுங்கள். கோபால்ட்-57 சுமார் 272 நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும், பழைய மூலத்தில் ஒரு மாதிரிக்கே நாள்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிரால் எலக்ட்ரான்களைக் கிளப்பி அளக்கும் கருவி) கிடைக்கிறதே, அதில் செய்யட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது மேற்பரப்பில் சில நானோமீட்டரை மட்டும் பார்ப்பது, அந்த மேல்தோல் எப்போதும் காற்றில் ஆக்சிஜன் ஏறியதுதான். உங்கள் கேள்விக்கு அது வேண்டாம்.

ஆகவே குடத்துப் படிவும் வெட்டுக்கல்லும் ஒரே சேர்மமா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும் ஃபெரிக் என்பது ஏறத்தாழ நிச்சயம். ஒரே கனிமம் என்பதற்கு வாய்ப்புக் குறைவு. ஒன்று யுகக்கணக்கில் ஊறியது, மற்றது ஒரு ராத்திரியில் விழுந்தது. ஆனால் இந்த ஒப்பீட்டில் நீங்கள் பெரிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள், ஏனென்றால் அந்தக் கல்லுக்கும் உங்கள் தண்ணீருக்கும் உறவே இல்லை. முன்பு நிறுத்திய இடம் இதுதான். உங்கள் நீர் தொட்டு வந்தது கீழே இருக்கும் நைஸ் பாறையை. அதிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கருநிறக் கனிமங்களில் இரும்பு பெரும்பாலும் ஃபெரஸாக இருக்கிறது. மாஸ்பவரில் பயோடைட் 1.1 ஷிஃப்ட்டும் 2.6 பக்கம் பிளவுமாக, ஃபெரிக்கோடு கலக்காமல் தனியாக நிற்கும். போர் வண்டி கக்கிய சாம்பல் நிறக் கல்தூள் வீட்டு மூலையில் இன்னும் குவிந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். உங்களுடைய மூன்றாவது மாதிரி, உண்மையில் முதல் மாதிரி, அதுதான். பாறையில் ஃபெரஸ், தண்ணீரில் கரைந்த ஃபெரஸ், குடத்தில் ஃபெரிக் என்று ஒரு இரும்பின் பயணத்தையே மூன்று ஸ்பெக்ட்ரத்தில் போட்டுக்காட்டலாம். வெட்டுக்கல்லை நாலாவதாக, ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூளை எடுக்கும்போது மேல்பரப்பை விலக்கிவிட்டு உள்ளிருந்து எடுங்கள், வெளியே கிடந்தது ஏற்கெனவே துருவேறத் தொடங்கியிருக்கும். பிட் தேய்ந்து உதிர்ந்த எஃகும் அதில் இருக்கும். காந்தத்தால் இழுத்துவிடலாம், ஆனால் பாறையின் மேக்னடைட்டும் கூடவே வந்துவிடும் என்பதால் இழுத்ததை எறியாமல் தனிப் பொட்டலமாக வையுங்கள். 33 டெஸ்லாவில் ஆறு கோடு வந்தால் அது போர் வண்டிக்காரரின் இரும்பு, பாறையுடையது அல்ல. அப்புறம், கேட்காத ஒன்று: பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்தில் இரும்பைவிட ஃபுளோரைடுதான் பெரிய தொல்லை. லிட்டருக்கு 0.3 மி.கி. தாண்டினாலே இரும்பு துணியில் கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், ஃபுளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அமிலம் சேர்க்காத ஒரு பாட்டிலை அதற்கென்று தனியாகப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள். கல்தூளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினால் கரைந்து ஓடையோடு போய்விடும்.